தாய்மாமனாக நின்ற வீட்டுக்காரர்

கஹவத்தையில் சொந்த வீடு வைத்துக்கொண்டே படுக்க இடமில்லாமல் போன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். பெயர் சன்னாசி. நான் நிஸார், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இரும்புக்கடை வைத்திருக்கிறேன். அவருடைய வீட்டுக்குப் போன சீமெந்து, கம்பி, கூரைத் தகடு எல்லாம் என் கடைச் சாமான்தான். அதனால் அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. இல்லாவிட்டாலும் பேசத்தான் போகிறேன். "இத்தின பூட்டு விக்கிறீங்க, உங்கட வாய்க்கு ஒண்டு இல்லயா?" என்று என் மனைவி பளீலா கேட்பாள்.

சன்னாசி அண்ணனும் அவர் மனைவி ராமாயி அக்காவும் டவுனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் உழைத்தவர்கள். அவர் ரப்பர் மலையில் பால் வெட்டினார். அக்கா தேயிலையில் கொழுந்து எடுத்தார். வயது முடிந்து இரண்டு பேருக்கும் சேமலாபப் பணம் வந்தபோது, அதைக் கல்யாணம், காது குத்து என்று கரைக்காமல் அப்படியே கொண்டுபோய் ஒரு துண்டுக் காணியில் போட்டார்கள். பாலத்தைத் தாண்டி உள்ளே இறங்கும் கொங்கிரீட் பாதையில் இரண்டு காம்பரா, ஒரு குசினி, முன்னால் காற்றாட உட்காரச் சின்னதாய் ஓர் இஸ்தோப்பு. கொத்தனாருக்குக் கையாளாக அண்ணனே கல் சுமந்தார். தோட்டம் வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பராவில் பிறந்து, லயத்துக் காம்பராவிலேயே பிள்ளைகளையும் வளர்த்த மனுஷன். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூடத் தோட்டத்துத் தொரை என்ன சொல்வாரோ என்று யோசித்தே பழகியவர். வேலை முடிந்த அன்று கடைக்கு வந்து, சாவியை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆனால் அந்த வீட்டில் அவர்கள் குடியேறவில்லை. முதல் கோணல் அங்கேதான். மகன் அப்போது தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வீட்டில் ஒருவருடைய பெயராவது தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் இருக்கும்வரை லயத்துக் காம்பராவைத் தோட்டத்தில் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அங்கே வாடகை கிடையாது. கை ஓய்ந்த பிறகு அரிசிக்கும் அக்காவின் நெஞ்சுவலி மருந்துக்கும் ஏதாவது வர வேண்டும். ஆகவே புது வீட்டை வாடகைக்கு விடுவோம், லயத்தில் இருக்க முடியாத காலம் வந்தால் இறங்கி வந்துவிடுவோம் என்று அண்ணன் நினைத்தார். ராமாயி அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"மொதல்ல நம்ம குடிபோயி ஒரு ராத்திரியாவது படுத்து எந்திரிப்போங்க. பொறவு யாருக்கு வேணும்னாலும் குடுங்க" என்று என் கடையில் வைத்தே சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. ஆள் ரொம்பச் சாது, ஆனால் நினைத்ததை மாற்றமாட்டார்.

வாடகைக்கு வந்தவள் புனிதா. அவள் கணவன் மதுசன் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் இறங்கி வேலை செய்தவன். ஒரே மகள், கிஷாந்தினி. வேறு சாதியில் விரும்பிக் கட்டிக்கொண்டாள் என்று புனிதாவின் பிறந்த வீட்டார் அவளை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். கார்மண்டில் தைக்கும் வேலை செய்தாள். ஆரம்பத்தில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதம் பிறந்தால் தானே லயத்துக்கு ஏறிப்போய் வாடகையைக் கொடுத்து, ராமாயி அக்கா கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். அண்ணே, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பிறகு மதுசன் கட்டாருக்குப் போனான். கொஞ்ச காலம் சல்லி வந்தது. அப்புறம் போன் மட்டும் வந்தது. அப்புறம் போனும் குறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பெரியவளானாள்.

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவன். பெண் சமைந்தால் தாய்மாமன் வந்து பச்சைத் தென்னோலையில் குடிசை கட்டி, அதில் அவளை உட்கார வைக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் முதல் சீர்த்தட்டும் அவனுடையதுதான். தாய்மாமன் வராத பிள்ளை என்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன்கூட ஏன் என்று கேட்பான். புனிதாவின் கூடப்பிறந்த இரண்டு பேரும் போனை எடுக்கவே இல்லை. அவள் லயத்துக்கு ஓடிப்போய் ராமாயி அக்காவின் மடியில் விழுந்து அழுதிருக்கிறாள். அக்காவும் சேர்ந்து அழுதிருக்கிறார். அண்ணன் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் இருக்கேன்ல, எதுக்கு அழுவுற?" என்று சொல்லிவிட்டு ஓலை வெட்டப் போய்விட்டார்.

தன்னுடைய வீட்டு முற்றத்தில் குடியிருப்பவளின் மகளுக்குக் குடிசை கட்டிய வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். சடங்குக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்தேன். அண்ணனுக்கு வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, கையில் பட்டுப் பாவாடையும் வளையலும் வைத்த தட்டு. முன்னால் மேளம், பின்னால் லயத்துச் சனம். பாலத்தைத் தாண்டி ஊர்வலமாக வந்தபோது ஆள் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார்கள். கிஷாந்தினி காலில் விழுந்து "மாமா" என்றதும் அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது.

அடுத்த மாதம் வாடகை வரவில்லை.

அண்ணன் கேட்கப் போனார். திரும்பும் வழியில் கடையில் ஏறினார்.

"என்னண்ணே, வாடக கெடச்சிச்சா?" என்று கேட்டேன்.

"புள்ள பிளேன்டீ ஊத்திக் குடுத்துச்சு நானா." முஸ்லிம் கடைக்காரன் என்றால் இங்கே எல்லாருக்கும் நானாதான்.

"பிளேன்டீய கொண்டுபோய்க் குடுத்தா அரிசிக் கடைக்காரன் அரிசி தருவானா?"

சிரித்தார். "சீர்த்தட்டு வச்ச கைய அடுத்த மாசமே நீட்டச் சொல்றீங்களா? அதுவா தெரிஞ்சு குடுக்கும்."

தெரிந்து கொடுக்க அவளிடம் இருந்தால்தானே! புனிதாவைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்மண்ட் சம்பளம், மதுசன் பயணத்துக்கு வாங்கிவிட்டுப் போன கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போகப் போக அவள் பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டாள். லயத்துக்கு ஏறுவதே இல்லை. அண்ணன் கேட்கப் போவார், பிள்ளை "மாமா, வாங்க" என்று கதிரையைத் தூசி தட்டிப் போடும், இவர் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வாடகை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து போய்விட்டது. ராமாயி அக்கா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கினார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

இதற்கிடையில் மகன் மலை வேலை வேண்டாம் என்று கொழும்புக்குப் போய்விட்டான். செக்ரோலில் பெயர் அழிந்தது. அந்த வருஷ மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இரத்தினபுரிப் பக்கம் யாருக்கும் அது மறக்காது. லயத்துக்குப் பின்னால் இருந்த மண் மேடு பிளந்து, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இன்னொரு மழைக்குத் தாங்காது, எல்லாரும் வெளியேற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செக்ரோலில் பெயர் உள்ளவர்களுக்குத் தோட்டம் கீழே தற்காலிகக் கொட்டில் போட்டுக் கொடுத்தது. சன்னாசி அண்ணன் தொரையிடம் போய் நின்றார்.

"உங்களுக்கு டவுன்ல வீடு இருக்குதானே சன்னாசி, அங்க போங்க" என்றாராம் தொரை. அவர் சொன்னதில் என்ன பிழை? வீடு இருக்கிறதுதானே!

அதுவரை போனது வாடகை. இப்போது இருக்கும் இடமே போகிறது. மழை பெய்தால் இரண்டு கிழங்களும் மண்ணுக்குள் போகும். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு புனிதாவிடம் போனார். இஸ்தோப்பில் நின்றபடியே நிலைமையைச் சொன்னார், வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டை மட்டும் விட்டுக் கொடு தங்கச்சி என்றார்.

"எங்கண்ணே போவேன்?" என்றாள் புனிதா. "வயசுக்கு வந்த புள்ளைய வச்சிக்கிட்டு, புருஷனும் இல்லாம நிக்கிறவளுக்கு யாரு வீடு குடுப்பா? எல்லாரும் அட்வான்ஸ் கேக்குறாங்க. எங்கிட்ட பஸ்ஸுக்கே காசு இல்லண்ணே."

அதுவும் உண்மைதான். உண்மை இரண்டு பக்கமும் இருந்தால் யாரோடு சண்டை போடுவது? ஆனால் நான் விடவில்லை. பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு வைப்போம், அவர்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள், அங்கே ஒரு தவணையாவது குறித்துக் கொடுப்பார்கள் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வரமாட்டேன் என்றார். அக்காவின் மருந்தைச் சொல்லி, மண் மேட்டைச் சொல்லி, ஒருவழியாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பொலிஸில் இருந்த சார்ஜன் நல்ல மனிதர். சிங்களத்தில் நான் விஷயத்தைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். புனிதாவையும் கூப்பிட்டார். அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வாதாடவில்லை. போனை எடுத்து அந்தச் சடங்கு வீடியோவைப் போட்டு மேசையில் வைத்தாள். இது என் அண்ணன், அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன் மேளச் சத்தத்தோடு கடைசிவரை பார்த்தார். பிறகு சன்னாசி அண்ணனைப் பார்த்து, "மே ஒயாகெ நங்கித?" என்று கேட்டார். இது உங்கள் தங்கச்சியா என்று.

ஒரே ஒரு சொல். இல்லை சேர், வாடகைக்கு இருக்கிறவள் என்று சொன்னால் போதும். நான் அவர் காலை மிதித்தேன். அவர் கிஷாந்தினியைப் பார்த்தார். பிள்ளை இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒவ் சேர்" என்றார். ஆமாம் என்று.

அவ்வளவுதான். அண்ணன் தங்கச்சிச் சண்டைக்கெல்லாம் பொலிஸுக்கு வரலாமா, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சார்ஜன் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் ரோட்டில் வைத்தே கத்தினேன். "உங்களுக்குப் புத்தி ஈக்கா? இல்லெண்டு ஒரு வார்த்த செல்ல ஏலாதா?"

"ஊருக்கு முன்னால மாமன்னு நின்னுட்டு, இப்ப அந்தப் புள்ளைக்கு முன்னால இல்லேன்னு எப்படி நானா சொல்றது?" என்றார். "பொலிஸ்ல இல்லேன்னா, பொறவு எங்கயும் இல்லேன்னுதான் ஆகும். நாளைக்கி அத யாரு கட்டுவா?"

புனிதா பின்னாலேயே ஓடி வந்தாள். அழுதுகொண்டு, "அண்ணே, நீங்களும் அண்ணியும் வந்துருங்க. முன் காம்பராவ ஒதுக்கித் தாரேன்" என்றாள். அவருடைய வீட்டில் அவருக்கு ஒரு காம்பரா ஒதுக்கித் தருகிறாளாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் என் கடை லொறியில் சாமான் இறங்கியது. இரண்டு பெட்டி, பாத்திரம், சாமிப் படம், ஒரு கட்டில். எப்படியோ முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா மட்டும் குசினியில் ஒரு சட்டி வைப்பதற்கும் "இத இங்க வைக்கட்டா?" என்று புனிதாவிடம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் நாலு பேரும் ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிட்டார்கள். பிள்ளைக்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்ற தைரியம். அண்ணன் பின்பக்கம் நாலு கத்தரிக் கன்று வைத்தார்.

அவை காய்ப்பதற்குள் மதுசன் வீடியோவில் கூப்பிட்டான். காசு அனுப்பாதவனுக்குக் கண் மட்டும் நன்றாகத் தெரிந்தது. பின்னால் கொடியில் தொங்கிய சாரத்தைப் பார்த்துவிட்டு, எவனுடையது அது என்று கேட்டிருக்கிறான். அண்ணன் என்றாளாம். உனக்கு ஏது அண்ணன் என்றானாம். வீட்டில் வேறு ஆம்பிளை இருந்தால் ஒரு சதமும் அனுப்பமாட்டேன், அந்த ஆளை வெளியே போகச் சொல், அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் அனுப்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். ராமாயி அக்காவுக்கும் தெரியும். புனிதாவுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல், சோறு போட்டு வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "கொஞ்ச நாளைக்கு மட்டும்ண்ணே. அவரு சல்லி அனுப்புற வரைக்கும்."

"இது எங்க வீடுடி!" என்று ராமாயி அக்கா போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. அந்த அக்கா சத்தம் போட்டு நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். "எந்திரி ராமாயி. நம்மளால ஒரு குடும்பம் பிரிஞ்சிச்சின்னு இருக்க வேணாம்" என்றார். அப்புறம் தன் குடும்பத்தைப் பிரித்தார்.

வேறு வழி இருக்கவில்லை. லயத்துப் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். மகன் கொழும்பில் நாலு பேரோடு ஓர் அறையில் கிடக்கிறான். மகள் மல்லிகா தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில், மாமியார் கொழுந்தன் எல்லாரும் நெருக்கிப் படுக்கிற ஒற்றைக் காம்பராவில் இருக்கிறாள். அக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பெண் கொடுத்த வீட்டில் போய்க் குந்திச் சாப்பிடமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் கேட்டிருந்தாலும் அங்கே இடமில்லை. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது நானும் நின்றேன். அக்கா சன்னல் பக்கம் உட்கார்ந்தார். அண்ணன் கீழே நின்று, மருந்தை நேரத்துக்குப் போடு, மழையில் நனையாதே என்று அடுக்கிக்கொண்டே போனார். பஸ் வெளிக்கிடும்போது அக்கா கையை வெளியே நீட்டி, அவர் சட்டைக் கொலரை இழுத்துச் சரிப்படுத்திவிட்டார்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. மதுசனிடமிருந்து ஒரு சதம் வரவில்லை. புனிதா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். எங்கேதான் போவாள்?

அண்ணனை என் கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டை அடுக்கும் அறையில் படுக்கச் சொன்னேன். இந்த வயதில் லொறி வந்தால் மூட்டை இறக்கக் கை கொடுக்கிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அதற்குக் கூலி கொடுக்கிறேன். முதல் மாதம் முடிந்த காலையில் வந்து மேசையில் கொஞ்சம் பணத்தை வைத்தார்.

"என்ன இது?"

"வாடக."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? நான் உங்கள்ட்ட வாடக கேட்டனா அண்ணே?"

"கேக்கல. அதான் குடுக்குறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இன்னொண்ணு நானா. இனிமே என்ன அண்ணேன்னு கூப்புடாதீங்க. பேரச் சொல்லியே கூப்புடுங்க."

"ஏன், நான் என்ன பிழ செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. அண்ணன் தம்பின்னு ஆயிட்டா, நாளைக்கி உங்களுக்கு இந்த எடம் தேவப்பட்டா கேக்க வாய் வராது. நீங்க கேட்டாலும் எனக்கு எந்திரிச்சுப் போக மனசு வராது. அது பாவம் நானா. நம்ம வாடகையோடயே நிப்போம்."

நான் கத்தினேன், கெஞ்சினேன், பணத்தை அவர் சட்டைப் பையில் திணித்தேன். அவர் எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். வாங்காவிட்டால் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். அவருக்குப் பார்க்க வேறு எந்த இடம் இருக்கிறது, யா அல்லாஹ்!

வாங்கிக்கொண்டேன். மாதம் பிறந்தால் தருகிறார், ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. நானும் அவரைச் சன்னாசி என்றுதான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசுகிறது.